நஞ்சும் செய்முறையும்: வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்க வரலாறு வழியாக இளநிலை உயிர்வேதியியல் ஆய்வகக் கல்வி குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இளநிலை உயிர்வேதியியல் மாணவர் கற்கும் ஆய்வக முறைகள் பெரும்பாலும் குப்பியிலுள்ள கரைசலிலிருந்து தொடங்குகின்றன. அக்கரைசல் எவ்வுயிரிலிருந்து, எந்நிலத்திலிருந்து, யாரால், எவ்வாறு எடுக்கப்பட்டது என்னும் செய்தி செய்முறைப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்திற்கு வடக்கே கடற்கரையை ஒட்டியுள்ள வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு, மாதிரி எடுத்தலும் ஆய்வக முறையின் ஒரு பகுதியே என்பதைக் காட்டுகிறது. அப்பகுதியை விட்டுவிட்டுக் கணக்கிடும்போது நேரும் இழப்பை நஞ்சுமுறி மருந்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இருளர், வடநெம்மேலி, பாம்பு நஞ்சு, நஞ்சுமுறி மருந்து, உயிர்வேதியியல் செய்முறை, மாதிரி.

முன்னுரை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் முதலாண்டில் செய்யும் நொதிச் சோதனைகளுள் உமிழ்நீர் அமைலேஸ் சோதனை பரவலாக அறியப்பட்டது. மாணவர் தம் உமிழ்நீரையே நீர்த்து, மாவுக் கரைசலுடன் சேர்த்து, அயோடினின் நீலநிறம் மறையும் நேரத்தைக் குறிப்பார். ஒரே வகுப்பில், ஒரே கரைசல்களைக் கொண்டு, ஒரே நாளில் செய்தாலும் விடைகள் ஒத்துவருவதில்லை. கைத்தவறு மட்டும் இதற்குக் காரணமன்று. உமிழ்நீர் அமைலேஸ் மரபணுவின் படிகள் மனிதருக்கு மனிதர் எண்ணிக்கையில் வேறுபடுகின்றன என்பதை 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. விடை வேறுபடுவதற்கு மாதிரி வேறுபடுவதும் காரணமாகிறது.

இச்சோதனையில் மாதிரி யாருடையது என்பது மாணவருக்குத் தெரியும். பிற சோதனைகளில் அது தெரிவதில்லை. நொதி வெள்ளைத் தூளாகக் குப்பியில் வருகிறது. குப்பியின் மேல் அலகு எண்ணும் காலாவதி நாளும் அச்சிடப்பட்டுள்ளன. தூளுக்கு முந்தைய வரலாறு பாடத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது. அவ்வரலாற்றை அருகிலிருந்து காணத்தக்க இடங்களுள் ஒன்று மாமல்லபுரக் கடற்கரை. பாம்பின் நஞ்சுச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவான உறுப்பே என்பதால், அமைலேஸ் சோதனையிலிருந்து நஞ்சுக்குச் செல்வது தொலைவான பயணமன்று.

1. சோழமண்டலக் கரையும் பாம்பியலும்

இக்கரையின் பாம்புகளைப் பற்றிய முதல் விரிவான அச்சுநூல் 1796இல் இலண்டனில் வெளிவந்தது. அதனை எழுதிய பேட்ரிக் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண இயற்கையியலாளராக இருந்தவர். சோழமண்டலக் கரையில் தொகுத்த பாம்புகளை வண்ணப்படங்களுடன் விளக்கிய அவர், உள்ளூர்ப் பெயர்களையும் பதிவு செய்தார். பாம்புக்கடிக்கு அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ‘தஞ்சாவூர் மாத்திரை’யையும் அவர் சோதித்தார், அதன் முதன்மைச் சேர்பொருள் பாஷாணம் எனத் தெரிந்தது. தமிழில் கண்ணாடி விரியன் என வழங்கும் பாம்பு அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

ரஸ்ஸலின் கேள்வி எந்தப் பாம்பு நஞ்சுடையது என்பதாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேள்வி மாறியது. 1894இல் பாரிசில் பிசாலி, பெர்த்ராந்து ஆகியோரும், தனியே ஆல்பர் கால்மெத்தும், நஞ்சுக்கு எதிராக விலங்கின் குருதியில் எதிர்ப்பொருளை உருவாக்க இயலும் எனக் காட்டினர். முன்னர்ச் சைகோனில் பணியாற்றிய கால்மெத் நாகத்தின் நஞ்சைக் கொண்டு உருவாக்கிய குருதிநீர் எல்லாப் பாம்புக் கடிக்கும் பயன்படும் என்று கருதினார். இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜார்ஜ் லாம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் அக்கருத்தை மறுத்தன. நாகத்தின் நஞ்சுக்கு எதிரான குருதிநீர் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கவில்லை.

நஞ்சு என்று பொதுவாகச் சொல்வது போதாது, எப்பாம்பின் நஞ்சு என்று சொல்லியாக வேண்டும் என்பது இதனால் நிலைபெற்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுகளையும் கொண்டு உருவாக்கும் பன்முக நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் வழக்குக்கு வந்ததற்கு அடிப்படை இதுவே. அம்மருந்தைச் செய்ய நான்கு பாம்புகளின் நஞ்சும் தொடர்ந்து, இனம் பிரித்து, போதிய அளவில் கிடைக்க வேண்டியிருந்தது.

2. தோல் வணிகத்திலிருந்து நஞ்சுச் சேகரிப்புக்கு

செங்கல்பட்டுச் சமவெளியில் வாழும் இருளர் எலி, உடும்பு, பாம்பு பிடித்தலிலும் மூலிகை சேகரித்தலிலும் தேர்ந்த பழங்குடியினர். 20ஆம் நூற்றாண்டில் பாம்புத்தோல் ஏற்றுமதி பெருவணிகமாக வளர்ந்தபோது அவர்களது திறன் தோலுக்கான வேட்டையாக மாறியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளைக் காத்த இந்நடவடிக்கைகள், தோலை விற்று வாழ்ந்த குடும்பங்களின் வருவாயை நிறுத்தின.

அக்காலத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்து நடத்தியவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்பதன்மூலம் இருளரின் திறனைத் தொழிலாக நிலைநிறுத்தலாம் என்ற திட்டம் விட்டேக்கரும் இருளரும் இணைந்து செயல்பட்டதன் விளைவாக உருப்பெற்றது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு உட்பட்டு உறுப்பினர் பாம்புகளைப் பிடித்துக் கொணர்வர். நஞ்சுமுறி மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் உலர்த்திய நஞ்சை வாங்கும். இந்திய நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே சென்றுள்ளது.

3. நஞ்சு எடுக்கும் முறை

இச்சங்கத்தின் பணியை ஆய்வகச் செய்முறையின் படிகளாகவே வரிசைப்படுத்தலாம்.

முதற்படி இனங்காணல். வயல் வரப்பிலும் புற்றிலும் வேலியோரத்திலும் உள்ள தடம், உரித்த சட்டை, எச்சம், வளையின் வாய் ஆகியவற்றைக் கண்டு உள்ளிருப்பது எப்பாம்பு என இருளர் கணிக்கின்றனர். கட்டுவிரியனையும் அதனைப் போன்ற தோற்றமுடைய நஞ்சற்ற பாம்பையும் பிரித்தறிய முடியாவிடில் பின்வரும் படிகள் அனைத்தும் வீணாகும்.

இரண்டாவது படி பாதுகாத்தலும் பதிவு செய்தலும். பாம்புகள் இனவாரியாக மண்பானைகளில் வைக்கப்படுகின்றன. மூன்று நான்கு வாரங்களே அவை அங்கிருக்கும். வாரத்திற்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு அவற்றை இயற்கை வாழிடத்தில் விட்டுவிடுவர். அண்மையில் நஞ்சு எடுக்கப்பட்ட பாம்பு மீண்டும் சிக்கினால் செதில் அடையாளம் அதனைக் காட்டிக்கொடுக்கும். ஒரே மாதிரியை இருமுறை எண்ணக்கூடாது என்னும் ஆய்வக விதி இங்கே பாம்பின் உடலிலேயே எழுதப்படுகிறது.

மூன்றாவது படி எடுத்தல். கண்ணாடிக் குவளையின் வாயைப் பாம்பு கடிக்குமாறு செய்து நஞ்சைச் சேகரிக்கின்றனர். சுருட்டை விரியன் ஒருமுறை தரும் நஞ்சு கண்ணாடி விரியன் தருவதைவிடப் பன்மடங்கு குறைவு. ஆகவே சந்தைக்கு ஒரு கிராம் சுருட்டை விரியன் நஞ்சு செல்ல வேண்டுமெனில் மிகப் பல பாம்புகளைக் கையாள வேண்டியுள்ளது.

நான்காவது படி உலர்த்தல். நஞ்சு புரதங்களின் கலவை. அதிலேயே புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் உள்ளன. ஈரநிலையில் சூட்டில் வைத்திருந்தால் அதன் செயல்திறன் குறையும். நஞ்சை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்கி நீரை நீக்கும் உறை உலர்த்தல் முறை, குருதிநீரைப் பாதுகாப்பதற்காக 1930களில் அமெரிக்காவில் ஃபிளாஸ்டார்ஃப், மட் ஆகியோரால் செம்மைப்படுத்தப்பட்டது. அதே முறை வடநெம்மேலியில் நஞ்சைத் தூளாக்குகிறது. பட்டவகுப்பு மாணவர் பாடநூலில் உறை உலர்த்தலைப் படிக்கும்போது, அதனைத் தொழிலாகச் செய்வோர் தம் மாவட்டத்திலேயே இருப்பதை அறியும் வாய்ப்பு அரிது.

4. செய்முறைப் பாடங்களில் நஞ்சின் தடம்

பட்டவகுப்பு ஆய்வகத்தில் நஞ்சு கையாளப்படுவது அரிது; ஆனால் மாணவர் கற்கும் உயிர்வேதியியலின் பல பகுதிகளை உருவாக்கியதில் நஞ்சுக்குப் பங்குண்டு.

உலர்ந்த விரியன் நஞ்சின் மஞ்சள் நிறத்திற்குக் காரணம் எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்னும் நொதியோடு இணைந்த ஃபிளேவின் நிறமி. நஞ்சிலுள்ள இந்நொதியை 1944இல் செல்லர், மாரிட்ஸ் இருவரும் விளக்கினர். நொதிக்குத் துணைக்காரணி உண்டு என்னும் பாடத்தை இதைவிட எளிதாகக் கண்ணால் காட்டும் எடுத்துக்காட்டு குறைவு. நஞ்சுப் புரதம் ஒன்று தூய படிகமாக முதன்முதலில் கிடைத்தது 1938இல் பிரேசிலில் ஆகும். சுலோட்டா, ஃபிரெங்கல்-கான்ராட் ஆகியோர் அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பிலிருந்து குரோடாக்சினைப் பிரித்தனர். சம்னர் யூரியேஸைப் படிகமாக்கி நொதி புரதமே எனக் காட்டிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

1934இல் இங்கிலாந்தில் மேக்ஃபார்லேன், பார்னெட் இருவரும் ரஸ்ஸல் பெயர் தாங்கிய கண்ணாடி விரியனின் நஞ்சு நீர்த்த நிலையிலும் குருதியை உறையவைப்பதை ஹீமோஃபிலியா நோயாளரின் குருதிக்கசிவை நிறுத்தப் பயன்படுத்தினர். இந்நஞ்சு பத்தாம் உறைகாரணியை நேரடியாகத் தூண்டுவது பின்னர்த் தெளிவாயிற்று. குருதி உறைதலைப் படிப்படியான நொதிவினைத் தொடராக மேக்ஃபார்லேன் 1964இல் விளக்கினார். நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சைக் கொண்டு உறைதல் நேரத்தை அளக்கும் சோதனை இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களில் உள்ளது.

நியூக்ளிக் அமில ஆய்விலும் நஞ்சு ஒரு கருவி. நஞ்சின் பாஸ்போடைஎஸ்டரேஸ் நியூக்ளிக் அமிலச் சங்கிலியை ஒரு முனையிலிருந்து வரிசையாக வெட்டும். இதன் இயல்பை ரஸ்ஸெல், ஹர் கோவிந்த் கொரானா ஆகியோர் 1959இல் ஆராய்ந்தனர். இங்குக் குறிக்கப்படும் டபிள்யூ. ஈ. ரஸ்ஸெல் முன்னர்ச் சொன்ன பேட்ரிக் ரஸ்ஸலின் வேறானவர். ஹாலி குழுவினர் 1965இல் கடத்து ஆர்.என்.ஏ. ஒன்றின் முழு வரிசையை அறிந்தபோதும் இந்நொதி பயன்பட்டது. 1968ஆம் ஆண்டின் நோபல் பரிசைக் கொரானாவும் ஹாலியும் நிரன்பர்க்குடன் பகிர்ந்துகொண்டனர். ஸ்டான்லி கோகன் ஒரு சாற்றிலுள்ள நியூக்ளிக் அமிலத்தை நீக்குவதற்காகப் பாம்பு நஞ்சைச் சேர்க்க, நரம்பு வளர்ச்சிக் காரணி அந்த நஞ்சிலேயே மிகுதியாக இருப்பது 1956இல் தெரியவந்தது. சோதனைப்பொருள் என நினைத்துச் சேர்த்ததே ஆய்வுப்பொருளாக மாறிய நிகழ்ச்சி இது. சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் எதனால் ஆனது என்று கேட்கும் பழக்கம் அதற்கு வழிவகுத்தது.

5. எண்ணுக்குள் மறைந்திருக்கும் மாதிரி

1951இல் வெளிவந்த லௌரி முறை இளநிலை மாணவர் அனைவரும் செய்யும் புரத அளவீடு. மாட்டுக் குருதியின் அல்புமினைக் கொண்டு திட்ட வரைகோடு வரைந்து, அறியாத கரைசலின் நீலநிறத்தை அக்கோட்டில் பொருத்திப் புரத அளவைக் கணிப்பர். நிறத்தின் செறிவு புரதத்திலுள்ள டைரோசின், டிரிப்டோஃபேன் ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்தது. எனவே கிடைக்கும் எண், கரைசலில் உள்ள புரதத்தின் எடை என்று சொல்வதைவிட, அந்நிறத்தைத் தரும் அல்புமினின் எடை என்று சொல்வதே சரி. திட்டப்பொருளும் சோதனைப்பொருளும் ஒத்திருக்கும் அளவுக்கே எண் நம்பத்தக்கது.

நஞ்சுமுறி மருந்தின் கணக்கும் இத்தகையதே. இந்தியப் பன்முக மருந்தின் ஒரு மில்லிலிட்டர் நாகம், கண்ணாடி விரியன் ஆகியவற்றின் நஞ்சில் தலா 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும். அதன்படி 10 மில்லிலிட்டர் குப்பி ஒன்று 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சைச் செலுத்துகிறது என்ற கணிப்பைக் கொண்டு, தொடக்க அளவாக 8 முதல் 10 குப்பிகள் என மருத்துவ நெறிமுறை வகுக்கப்பட்டது. முதலாண்டு மாணவரும் செய்யக்கூடிய வகுத்தல் இது.

இக்கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறது: கடித்த பாம்பின் நஞ்சும் மருந்து செய்யப் பயன்பட்ட நஞ்சும் ஒன்றே என்பது அது. மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் வட தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் பிடிபட்ட பாம்புகளுடையது. கடிபடுவோர் இராஜஸ்தானிலும் வங்காளத்திலும் மகாராட்டிரத்திலும் உள்ளனர். ஒரே இனப் பாம்பின் நஞ்சு இடத்திற்கு இடம் வேறுபடும். இலங்கையில் கண்ணாடி விரியன் கடியால் குருதி உறையாமையோடு கண்ணிமை சரிதல் போன்ற நரம்புப் பாதிப்பும் மிகுதியாகக் காணப்படுவது 1980களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாயிற்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் 2019, 2021 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், இந்தியாவின் வெவ்வேறு பகுதிப் பாம்புகளின் நஞ்சு அமைப்பிலும் வீரியத்திலும் வேறுபடுவதையும், சில பகுதி நஞ்சுகளை விற்பனையிலுள்ள மருந்துகள் போதிய அளவு முறிக்காததையும் சோதனைவழிக் காட்டின.

இவ்வேறுபாட்டின் விலை பெரிது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்தனர் என 2020இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் ஊரகத்தினர். மருத்துவமனை அடைவதில் ஏற்படும் காலத்தாழ்வு முதலிய காரணங்கள் இவ்விறப்புகளுக்குப் பின்னால் உள்ளன. எனினும் காலத்தில் வந்து சேர்ந்தவருக்கும் மருந்து பொருந்தவில்லை எனில், அதன் காரணத்தை மாதிரி எடுத்த ஊரில் தேட வேண்டியுள்ளது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நஞ்சுமுறி மருந்து வழிகாட்டி ஒவ்வொரு தொகுதி நஞ்சுக்கும் பாம்பின் இனம், பிடித்த இடம், எடுத்த நாள் ஆகியன பதிவாக வேண்டும் என்று வலியுறுத்துவது இதனாலேயே. 2024இல் இந்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் 2030க்குள் பாம்புக்கடி இறப்பைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்துள்ளது.

இது வடநெம்மேலிச் சங்கத்தின் குறையன்று. தம் நிலத்துப் பாம்புகளின் நஞ்சை அவர்கள் தந்தனர். ஒரு நிலத்தின் மாதிரியை நாடு முழுமைக்குமான திட்டப்பொருளாகக் கொண்டது ஏனையோரின் முடிவு. பிற பகுதிகளிலும் நஞ்சு சேகரிக்க வேண்டுமெனில் அங்கும் இருளருக்கு நிகரான திறனுடையோர் தேவை. அத்திறனை முறையான அறிவாகப் பதிந்து கற்பிக்காததால் அதனை வேறிடங்களில் உருவாக்குவது கடினமாகிறது.

6. பதிவேட்டில் இல்லாத பத்தி

நோக்கம், தத்துவம், தேவையான பொருள்கள், செய்முறை, காட்சிப்பதிவு, கணக்கீடு, முடிவு என்பது செய்முறைப் பதிவேட்டின் வழக்கமான வரிசை. ‘தேவையான பொருள்கள்’ என்ற தலைப்பின்கீழ் நொதியின் பெயர் வரும். அதன் பிறப்பிடம் வராது. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு உயிரியல் பாடங்களில் விலங்குகளை அறுத்துச் சோதிப்பதை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. விலங்குகளுக்கு நன்மை பயத்த அம்முடிவால் மாணவர் மூல உயிரிலிருந்து மேலும் ஒரு படி விலகியுள்ளார். ஆகவே மாதிரியின் வரலாற்றை எழுத்தாலாவது அறிவிக்க வேண்டிய தேவை முன்னிலும் கூடியுள்ளது.

இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பதிவேட்டில் ‘மாதிரி’ என்றொரு பத்தியைச் சேர்க்கலாம். அதில் உயிரினம், இடம், எடுத்த நாள், எடுத்தவர், உலர்த்திய அல்லது பாதுகாத்த முறை ஆகிய ஐந்தையும் மாணவர் நிரப்ப வேண்டும். அமைலேஸ் சோதனையில் தம் பெயரையும் உணவு உண்ட நேரத்தையும் எழுதுவார். வாங்கிய நொதிக்கு நிறுவனம் தரும் விவரத்தைத் தேடி எழுதுவார். விவரம் இல்லையெனில் இல்லை என்றே எழுதுவார். வெற்றிடமாக நிற்கும் வரியும் ஒரு காட்சிப்பதிவே. செங்கல்பட்டுப் பகுதிக் கல்லூரிகளுக்கு மேலும் ஒரு வாய்ப்புண்டு. வடநெம்மேலியில் நஞ்சு எடுத்தலைப் பொதுமக்கள் காணலாம். அதனை வேடிக்கையாக அன்றி, முன்னர்க் கூறிய நான்கு படிகளையும் குறித்து வரும் செய்முறை வகுப்பாக ஆசிரியர் அமைக்கலாம்.

எடுத்தவர் யார் என்னும் வரி தனிக் கவனத்திற்குரியது. 2023இல் இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருதுப் பட்டியலில் அவர்கள் பெயர் இடம்பெற்ற பிரிவு சமூகப் பணி. அவ்விருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைக் கண்டறிய 2017இல் அந்நாட்டு ஆய்வாளரால் அழைக்கப்பட்டவர்கள். தடம் பார்த்து இனம் கூறும் அவர்களது அறிவு அயல்நாட்டு அறிவியலாளருக்கு முறையாகத் தெரிந்தது. நம் பாடத்திட்டத்தில் அது உழைப்பாக மட்டுமே எண்ணப்படுகிறது. பாடமாக இன்னும் எண்ணப்படவில்லை.

முடிவுரை

ரஸ்ஸல் இனத்தைக் கேட்டார். லாம் எவ்வினத்தின் நஞ்சு என்று கேட்டார். இன்றைய ஆய்வாளர் எவ்வூர்ப் பாம்பின் நஞ்சு என்று கேட்கின்றனர். இரு நூற்றாண்டுகளாக இக்கேள்வி நுணுகி வந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கணக்கு தவறாகச் செய்யப்பட்டதால் அன்று, மாதிரியைப் பற்றிய செய்தி குறைவாக இருந்ததால் அது போதாமற்போனது. இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பணிமுறையில் அச்செய்தியைப் பேணும் வழிகள் உள்ளன: இனவாரிப் பானை, செதில் அடையாளம், வாரக் கணக்கு. இவற்றை ஆய்வக முறைகளாக ஏற்றுக் கற்பித்தால் இளநிலை மாணவர் எண்ணைக் கணக்கிடுவதோடு அவ்வெண் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லப் பழகுவார். மருந்துக் குப்பியின் மேல் அச்சிடப்படும் 0.6 என்ற எண்ணை நாளை சரிபார்க்கப் போகிறவர் அவருள் ஒருவராக இருக்கலாம்.